மூன்றாம் பாடம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் டீ குடிப்பதற்கும் நாட்டின் தலையெழுத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். உள்ளே இருந்தவர்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏழு பொருளாதார நிபுணர்கள் நீள மேசையைச் சுற்றி உட்காருவார்கள். வரும் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் எத்தனை சதவீதம் வளரும் என்று ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மடித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் போடுவார்கள். செயலாளர் அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து வெள்ளைப் பலகையில் எழுதுவார். ஆக உயர்ந்த எண்ணையும் ஆகத் தாழ்ந்த எண்ணையும் அடித்துவிட்டு, மிச்சம் ஐந்துக்குச் சராசரி எடுத்தால் அதுதான் அரசாங்கத்துக்குப் போகும் கணிப்பு. ஓரத்தில் நிற்கிறவன் உளறுகிறான், நடுவில் நிற்கிறவனுக்குத்தான் மூளை இருக்கிறது என்பது அவர்களுடைய கொள்கை. அடிபட்ட உயர்ந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் அன்றைக்கு எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கித் தர வேண்டும். தாழ்ந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் டீ.

பிஸ்கட் வாங்கும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார். டீ வாங்கும் ஆள் மாறவே இல்லை. நெருக்கடி ஆரம்பித்த வருஷத்திலிருந்து அவள்தான். வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தியபோதும், துணி ஆலைகளில் சங்கு ஊதுவது நின்றுபோனபோதும், மற்ற ஆறு பேரும் 'அடுத்த வருஷம் நிமிர்ந்துவிடும்' என்று எழுதினார்கள். அவள் மைனஸ் போட்டாள். சிரித்தார்கள். 'மைனஸ் மேடம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவள் டீ வாங்கிக் கொடுத்தாள். வருஷம் முடிந்து பார்த்தால் அவள் போட்ட மைனஸ் அப்படியே வந்து நிற்கும். அதற்குள் அடுத்த சீட்டு, அடுத்த சிரிப்பு, அடுத்த டீ. ஒருத்தராவது 'மேடம், போன தடவை நீங்க சொன்னதுதான் சரி' என்று வாயைத் திறந்திருப்பாரா? டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்வதற்கு மட்டும் திறந்தார்கள்.

இந்தத் தடவை சீட்டு எழுதும் நாள் நெருங்க நெருங்க அவள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். காரணம் வீட்டில் இருந்தது.

அவள் குடியிருந்தது மாடியில். கீழ்வீட்டில் அக்காவும் அத்தானும். அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு நாளாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தெருமுனையில், நெருக்கடியில் மூடிப்போன ஒரு வங்கிக் கிளைக்குள், அரசாங்கம் நெருக்கடிகால உதவிப் பணத்தில் ஒரு டயாலிசிஸ் மையம் நடத்தியது. 'பணம் செலுத்துமிடம்' என்ற பலகையைக்கூடக் கழற்றவில்லை. அதன் கீழே நர்ஸ் உட்கார்ந்திருப்பார். லாக்கர் அறையில் மருந்துக் கேன்களை அடுக்கியிருந்தார்கள். ஆறு மெஷின். அக்கா அத்தானைக் கைத்தாங்கலாக நடத்தியே கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவருவாள். அத்தான் அதை "பேங்குக்குப் போறேன்" என்றுதான் சொல்வார். "எல்லாரும் பணத்தைப் போட்டு ஏமாந்த இடத்துல நான் ரத்தத்தைப் போட்டுத் திரும்ப வாங்கிட்டு வரேன் பாரு" என்பார்.

சட்டம் என்ன சொன்னதென்றால், வரும் ஆண்டின் வளர்ச்சிக் கணிப்பு இரண்டு சதவீதத்தைத் தொட்டுவிட்டால் நெருக்கடி தீர்ந்ததாக அர்த்தம். தீர்ந்துவிட்டால் உதவிகளும் தீரும். இந்த மையம் பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியோடு 'இணைக்கப்படும்'. இணைப்பது என்றால் பூட்டுவது. அங்கே போவதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மெஷினிலிருந்து இறங்கியதும் அத்தானுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டி, தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள்ளேயே இரண்டு இடத்தில் உட்காருவார். இரண்டு பஸ் ஏறி இறங்கினால் அவர் எத்தனை நாளைக்குத் தாங்குவார் என்பதை அக்காவும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

பட்டறைகள் இரவு ஷிப்டுக்கு இழுக்கும் மின்சாரம், சரக்கு லாரிகளின் ஓட்டம், கந்துவட்டிக்குக் கடன் வாங்கும் சின்னக் கடைகள் என்று எல்லாவற்றையும் போட்டு அலசியதில் அவளுக்குக் கிடைத்த எண் பூஜ்யம் புள்ளி ஒன்று. நெருக்கடி தீரவில்லை, மூச்சு வாங்க நின்றிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அவள் எண் வழக்கம்போல அடிபட்டுப் போகும். அடிபட்ட எண் யாரைக் காப்பாற்றும்?

சீட்டு எழுதும் அதே நாளில் காலையில் நிலையத்தில் ஒரு விழா வைத்திருந்தார்கள். 'பத்தாண்டு நெருக்கடி: நாம் கற்றது என்ன?' என்று அரங்க வாசலில் ஆள் உயரத்துக்கு பேனர். பேனரில் ஒரு செடி துளிர்விடும் படம். வாசல் மேசையில் மூன்று வகை கேக். நாடே பட்டினியாகக் கிடந்த கதையைக் கேட்க வந்தவர்கள் வரிசையில் நின்று இரண்டிரண்டு துண்டாக எடுத்தார்கள். இயக்குநர் எல்லாருக்கும் கைகொடுத்தபடி ஒரு கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வளைய வந்தார்.

சிறப்புப் பேச்சாளர் வெளியிலிருந்து வந்த பெரிய பேராசிரியர். நெருக்கடியின் தொடக்கத்தில் 'செலவை வெட்டுங்கள், வெட்டினால்தான் பிழைப்பீர்கள்' என்று அரசாங்கத்துக்கு அறிவுரை எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருத்தர். அப்போது அறிவுரை சொல்வதற்குப் பணம் வாங்கினார். இப்போது அது ஏன் தப்பு என்று சொல்வதற்கு வாங்குகிறார். அவர் மேடையேறிக் குடிநீர் பாட்டிலைத் திறந்து, பதமாகத் தொண்டையை நனைத்துக்கொண்டார்.

"நண்பர்களே, முதல் பாடம். அரசு செலவுல ஒரு பங்கை வெட்டினா பொருளாதாரம் அரைப் பங்குதான் சுருங்கும்னு நாம நினைச்சோம். ஆனா ஒன்றரைப் பங்கு சுருங்கிடுச்சு. நம்ம பெருக்கல் எண் தப்பு. இதை நான் ரொம்பப் பணிவோட ஒத்துக்கிறேன்."

கைதட்டினார்கள். தப்பை ஒத்துக்கொண்டதற்குக் கைதட்டல்! அவள் தட்டவில்லை. அந்தப் பெருக்கல் எண்ணுக்குள்தான் அக்கா துணி வெட்டிக்கொண்டிருந்த ஆலை இருந்தது. அத்தான் சர்க்கரை மாத்திரையை நாளுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு, வீட்டில் யாருக்கும் சொல்லாமல், சிறுநீரகத்தைப் பாழாக்கிக்கொண்ட இரண்டு வருஷமும் அதற்குள்தான் இருந்தது. பேராசிரியர் திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டினார். கீழே இறங்கும் இடம் அழகான நீல நிறத்தில் இருந்தது. ஒருத்தன் உதட்டோரத்தில் கேக் ஒட்டியிருக்க, அந்தக் கோட்டைப் போனில் படம் பிடித்தான்.

"ரெண்டாவது பாடம்தான் இன்னைக்கு முக்கியம்" என்றார் பேராசிரியர். "இந்த நிலையத்தோட பழைய சீட்டுகளை எல்லாம் நான் வாங்கிப் பார்த்தேன். நெருக்கடி முழுக்க உண்மைக்குப் பக்கத்துல வந்தது எது தெரியுமா? நீங்க தள்ளி வெச்ச கடைசி எண். டீ எண்!"

அரங்கமே சிரித்தது. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. இயக்குநர் அவளை மேடைக்கு இழுத்துப்போய், 'மாற்றுக் கருத்தின் குரல்' என்று பொறித்த கண்ணாடிக் கேடயத்தை அவள் கையில் திணித்தார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்து, "இன்னைலேர்ந்து இந்த நிலையத்துல எந்த எண்ணையும் தள்ள மாட்டோம். ஏழுக்கும் சேர்த்துத்தான் சராசரி. இதை மேடத்துக்கு நாங்க செய்யற மரியாதையா அறிவிக்கிறேன்" என்றார்.

கேடயம் கிடக்கட்டும். ஏழுக்கும் சராசரி என்றால் இன்று மத்தியானமே அவள் எண்ணும் சேரும்! பத்து வருஷமாகக் காறித் துப்பிய கூட்டத்தின் மேலேயே ஒரு நொடி பாசம் பொங்கிவிட்டது அவளுக்கு. மனசு எவ்வளவு மலிவானது பாருங்கள்.

பேராசிரியர் இன்னும் முடிக்கவில்லை. "மூன்றாவது பாடம், கடைசிப் பாடம். இது உங்களுக்கும் எனக்கும் உள்ளே நடக்கிற விஷயம். நம்ம ஆசை நமக்கே தெரியாம நம்ம எண்ணுக்குள்ள புகுந்துடும். நல்லது நடக்கணும்னு ஆசைப்பட்டவன் எண் மேலே போச்சு. அதனால ஒவ்வொரு தடவையும் எழுதறதுக்கு முன்னாடி, 'இதுல என் ஆசை எவ்வளவு?'னு கேட்டு அதைக் கழிச்சுடுங்க. அதுதான் நேர்மை."

இதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பலமாகக் கைதட்டினார்கள். எழுந்து நின்றே தட்டினார்கள்.

கேன்டீனில் வங்கிக்காரர் தட்டோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். மூடிப்போன வங்கியொன்றில் கடன் பிரிவில் இருந்தவர், நிலையத்தில் அவளுடைய பக்கத்து அறைக்காரர். ஏழு பேரில் அவளிடம் மனுஷனாகப் பேசுகிறவர் அவர் ஒருத்தர்தான். ஓய்வுபெறும் வயது வந்துவிட்டது, பணி நீட்டிப்பு கிடைக்குமா என்ற கவலை முகத்தில் அப்பிக் கிடந்தது.

"உங்களுக்கு எவ்வளவு வருது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாயின்ட் ஒன்னு. எப்படிப் புரட்டிப் போட்டாலும் அதுக்கு மேல நகரல சார்."

"எனக்கும் ஒன்னரையைத் தாண்ட மாட்டேங்குது மேடம். ரெண்டுன்னு சொல்றவனுக்கு மனசாட்சியே இல்ல."

இரண்டு பேர் கீழே போட்டால் போதும், சராசரி இரண்டைத் தொடாது. அவள் வராந்தாவுக்கு ஓடி அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இன்னைக்கு என் நம்பரையும் சேர்க்கறாங்க. பேங்கை மூட மாட்டாங்கன்னு நினைக்கிறேன்."

"நிஜமாவா சொல்ற?" என்றாள் அக்கா. "இரு, அவர்கிட்ட சொல்றேன். இப்பதான் மெஷின்ல ஏத்தறாங்க. நீ சாப்பிட்டியா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இயக்குநர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முகத்தில் பரிவு வழிந்தது.

"அத்தானுக்கு இப்ப எப்படி இருக்கு மேடம்? அந்த மையத்துக்குத்தான் போறாரு இல்ல?"

"ஆமா சார்."

"கஷ்டம்தான். உங்க இடத்துல வேற யாராவது இருந்தா இன்னைக்கு நம்பரைக் கொஞ்சம் அழுத்திப் போடுவாங்க. மனுஷ சுபாவம். ஆனா நீங்க அப்படி இல்ல. அது எனக்குத் தெரியும். பேராசிரியர் சொன்னதைக் கேட்டப்போ எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு." தோளைத் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊசி ஏற்றினால்கூடக் கொஞ்சம் வலிக்கும். அவர் சொன்னது வலிக்காமலே உள்ளே இறங்கியது.

மத்தியானக் கூட்டத்தில் சீட்டு கைக்கு வந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினாள். பூஜ்யம் என்று எழுதினாள், புள்ளி வைத்தாள், அதோடு கை நின்றது. 'இதில் என் ஆசை எவ்வளவு?' அத்தான் பிழைக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அது எண்ணுக்குள் புகுந்திருக்காதா? மின்சாரக் கணக்கில் எந்த மாதத்தை எடுக்கலாம், எந்த மாதத்தை விடலாம் என்று அவள்தானே முடிவு செய்தாள்? அந்த முடிவுகள் எல்லாம் சுத்தமா? முந்தைய வருஷங்களில் எந்த ஆதாயமும் இல்லாமல் அவள் போட்ட எண்கள் பலித்தன. இந்தத் தடவை ஆதாயம் இருக்கிறது. பத்து வருஷம் டீ வாங்கிக் காப்பாற்றிய ஒரே சொத்து, தன் எண்ணில் அழுக்கு இல்லை என்ற பெருமை. இன்றைக்கு மேடையேற்றிக் கேடயம் கொடுத்த நாளிலா அதில் அழுக்கு ஒட்ட வேண்டும்?

எவ்வளவு சாய்ந்திருக்கும் என்று மனசுக்குள்ளேயே மதிப்பிட்டாள். படித்த புத்தி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தது. புள்ளி நான்கு இருக்கலாம் என்று பட்டது. சாய்ந்ததை நிமிர்த்த வேண்டும். புள்ளிக்குப் பக்கத்தில் ஐந்து என்று எழுதினாள். அரை சதவீதம். அதுவும் தாழ்ந்த எண்தானே, வங்கிக்காரரும் ஒன்றரை போடுவார், என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, மடித்துக் கிண்ணத்தில் போட்டாள். மனசு லேசானது. அந்த லேசை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு வாந்தி வந்தது.

செயலாளர் அம்மா பலகையில் எழுத ஆரம்பித்தார். இயக்குநர், இரண்டு புள்ளி மூன்று. அடுத்தவர், இரண்டு புள்ளி இரண்டு. அடுத்து, இரண்டு புள்ளி இரண்டு. அடுத்து, இரண்டு புள்ளி மூன்று. அடுத்து, இரண்டு புள்ளி இரண்டு. அரசாங்கம் நெருக்கடி தீர்ந்தது என்று அறிவிக்கத் துடித்துக்கொண்டிருந்தது. கடன் கொடுத்தவர்களும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார்கள். சீட்டுகளுக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது. யாருடைய ஆசை யாருடைய எண்ணுக்குள் புகுந்தது என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்தது வங்கிக்காரரின் சீட்டு. அம்மா பிரித்தார். இரண்டு புள்ளி மூன்று.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மேல்கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

கடைசியாக அவளுடையது. பூஜ்யம் புள்ளி ஐந்து. செயலாளர் அம்மா கால்குலேட்டரைத் தட்டினார். ஒருதரம் தட்டி, நம்பாமல் திரும்பத் தட்டினார்.

"சரியா ரெண்டு வருது சார்."

"ரெண்டு!" இயக்குநர் மேசையில் ஓங்கித் தட்டினார். "யாரையும் தள்ளல, யாரையும் அடிக்கல. ஏழு பேரும் சேர்ந்து வந்த ரெண்டு. இதுதான் ஜனநாயகம். இன்னைக்கு டீ என் செலவு!"

கணிப்பு அறிக்கை அடுத்த அறையிலிருந்து அப்போதே அமைச்சகத்துக்குப் போய்விட்டது. டீ வந்தது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் காசு கொடுக்காத டீ. கோப்பையின் மேல் பால் ஆடை சுருங்கி மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வங்கிக்காரர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் வந்தார். கோபமாக இருந்தார். ஆமாம், கோபம் அவருக்கு!

"என்ன மேடம் இப்படிக் கவுத்துட்டீங்க? பாயின்ட் ஒன்னுன்னுதானே சொன்னீங்க?"

"நீங்க ஒன்னரைன்னு சொன்னீங்களே?"

"என் நிலைமை உங்களுக்குத் தெரியாதா? நீட்டிப்பு ஃபைல் அவர் மேசையிலதான் கிடக்கு. எல்லாரும் ரெண்டேகால் பக்கமா போடுங்கன்னு ஜாடையா சொல்லிட்டாரு. நான் என்ன முட்டாளா? கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் போட்டேன். உங்க பாயின்ட் ஒன்னு சேர்ந்தா ரெண்டைத் தொடாது. ஒன்னு புள்ளி ஒன்பதோட நின்னுடும். அவருக்கும் கெட்டவனாகாம, உங்க அத்தானுக்கும் கெடுதல் பண்ணாம போயிடும்னு உங்களை நம்பித்தான் போட்டேன். நீங்க காலை வாரிட்டீங்க."

அவள் மனசுக்குள் கணக்கைப் போட்டாள். சரியாகத்தான் சொன்னார். புள்ளி ஒன்று என்று முதலில் வந்தபடி எழுதியிருந்தால் இரண்டு தொட்டிருக்காது. தெருமுனை பேங்கின் கதவு திறந்தே இருந்திருக்கும். அந்த அறையில் ஆறு பேர் பொய் எழுதினார்கள். எழுதிவிட்டு, ஏழாவது ஆள் உண்மையை எழுதுவாள் என்று அவள் தலையில் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அவளோ உண்மையைத் திருத்தினாள். இவர்கள் மேல் வந்த அருவருப்பு தொண்டை வரைக்கும் ஏறி, அங்கே வேறொரு முகத்தைப் பார்த்து நின்றது. அது அவள் முகம்.

எழுந்து நேரே இயக்குநரிடம் போனாள். பேராசிரியர் அவரோடு சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"சார், என் சீட்டு தப்பு. எனக்கு வந்தது பாயின்ட் ஒன்னு. நான்தான் அதை ஏத்திப் போட்டேன். மாத்தணும்."

"எதுக்கு ஏத்தினீங்க?"

"எனக்கு... வீட்டு விஷயத்தால ஒரு சாய்வு இருக்குமோன்னு சந்தேகம். அதைக் கழிச்சேன்."

பேராசிரியரின் கண் விரிந்தது. "கழிச்சீங்களா? நான் சொன்ன மாதிரியேவா?" என்று பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவள் கையைப் பற்றிக்கொண்டார். "எத்தனை நாட்டுல பேசியிருக்கேன் தெரியுமா? எல்லாரும் கைதட்டுவாங்க. செஞ்சு காட்டின ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். உங்களை நான் என் கட்டுரையில எழுதணும்."

"கட்டுரை வேணாம் சார். நம்பரை மாத்துங்க."

"இப்ப மாத்தினா என்ன அர்த்தம் மேடம்?" இயக்குநர் மெதுவாகக் கேட்டார். "முடிவு தெரிஞ்சதுக்கு அப்புறம், அத்தானுக்காக மாத்தின மாதிரி ஆகாதா? உங்க பேருக்குத்தான் கெடுதல். நான் அதை அனுமதிக்க மாட்டேன்."

அவள் கத்தினாள். அந்த அறையில் அதுவரை யாரும் கத்தியதில்லை. "பேரா? அந்த ஆள் செத்துடுவார் சார்! ரெண்டு பஸ்ல செத்துடுவார்! உங்க ஆறு பேர்ல ஒருத்தராவது இன்னைக்கு நிஜமான நம்பரைப் போட்டீங்களா?"

இயக்குநர் பேராசிரியரைப் பார்த்து வருத்தமாகப் புன்னகைத்தார். வீட்டுப் பிரச்சினை, பாவம், என்று அந்தப் புன்னகை சொன்னது. பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே தட்டைத் தேடினார். அவள் கழிவறைக்கு ஓடி, காலையிலிருந்து உள்ளே போன எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள்.

மாலையில் மையத்துக்குப் போனபோது கையில் கேடயம் இருந்தது. எங்கேயாவது போட்டுவிட்டு வந்திருக்கலாம், அதற்கும் மூளை ஓடவில்லை. 'பணம் செலுத்துமிடம்' பலகையின் கீழே நர்ஸ் எதையோ மடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மெஷினில் அத்தான். கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அக்கா. அத்தான் நாள் முழுக்க இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீர் ஒரு சின்னப் பாட்டிலில் அக்காவின் மடியில் இருந்தது. தங்கையைப் பார்த்ததும் அக்கா பாதி எழுந்துவிட்டாள்.

"எவ்வளவு வந்துச்சு?"

"ரெண்டு."

அக்கா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "உன் நம்பரைச் சேர்க்கறேன்னு சொல்லி ஏமாத்திட்டாங்களா?"

இங்கே ஒரு 'ஆமாம்' போதும். எல்லாப் பழியும் அந்த நீள மேசையின் மேல் போய் விழுந்துவிடும், அதுவும் அநியாயமாக விழாது. அவள் வாயைத் திறந்தாள். பத்து வருஷத்துப் பழக்கம், உண்மைதான் வந்தது.

"சேர்த்தாங்க அக்கா. நான்தான் ஏத்திப் போட்டேன். பாயின்ட் ஒன்னுன்னு போட்டிருந்தா மூட முடியாது. அரை போட்டேன்."

"ஏன்?"

"உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குப் பாசம். அந்தப் பாசத்துல நம்பர் தானா கீழே போயிருக்குமோன்னு... அதைக் கழிச்சுட்டு எழுதினேன். அப்படித்தான் எழுதணும்னு சொன்னாங்க."

"மத்தவங்க என்னத்தைக் கழிச்சாங்க?"

"ஒன்னும் கழிக்கல."

மெஷின் டிக் டிக்கென்று ஓடியது. அத்தான் கண்ணைத் திறக்காமலே பேசினார். தூங்கவில்லை போலிருக்கிறது.

"வாம்மா பொருளாதாரம். எங்களைக் கழிச்சியே, எவ்வளவு வந்தோம்?"

"பாயின்ட் நாலு, அத்தான்."

"பரவாயில்லையே" என்று அவர் லேசாகச் சிரித்தார். "நான் இன்னும் கம்மியா இருக்கும்னு நினைச்சேன்."

அக்கா சிரிக்கவில்லை. தங்கையின் கையிலிருந்த கேடயத்தை வாங்கி, விளக்குக்கு நேராகப் பிடித்து, அதில் பொறித்திருந்ததை எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதை மேல உன் வீட்லயே வெச்சுக்க" என்றாள். "கீழ எடுத்துட்டு வராத."

பிறகு பாட்டில் மூடியில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றி அவர் உதட்டில் வைத்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டுப் பக்கத்து நகரத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.